உஷார்! மேலே ஷட்டர் இருக்கிறது

மார்ச் பிறந்துவிட்டால் இமாச்சலப் பிரதேசத்தில் டிரவுட் மீன் சீசன். நவம்பர் தொடங்கி பிப்ரவரி முடிய மீன் முட்டையிடும் காலம் என்று தடை போட்டிருப்பார்கள். தடை நீங்கியதும் குலு மாவட்டத்து ஆறுகளில் தூண்டிலும் கையுமாக ஆட்கள் இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். முன்பெல்லாம் வெள்ளைக்காரர்களும் டில்லிப் பணக்காரர்களும்தான். இப்போது மணாலிக்குப் போகிற நம்மூர் இளவட்டங்களும் பாராகிளைடிங், ராஃப்டிங் வரிசையில் இதையும் சேர்த்துக்கொண்டு விட்டார்கள். ‘கைடு, தூண்டில், பெர்மிட், மதிய சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு’ என்று பேக்கேஜ் விற்கிறார்கள். ரீல்ஸில் பார்த்தால் கண்ணாடி போலத் தண்ணீர், பின்னால் தேவதாரு மரங்கள், இடுப்பளவு ஆற்றில் ஒருவர் அமைதியாக நின்று நூலை வீசுகிறார். தியானம் மாதிரி இருக்கும்.

தியானம் எல்லாம் சரி. அந்த ஆற்றின் மேற்பகுதியில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? பாதிப் பேர் கேட்பதில்லை. கேட்டாலும் கைடுகள் பாதிப் பேர் சிரித்து மழுப்புகிறார்கள். பயம் அங்கேதான் இருக்கிறது.

2014 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஐதராபாத் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து மணாலிக்குச் சுற்றுலா போன மாணவர்கள், மண்டி மாவட்டம் தலோட் அருகே பஸ்ஸை நிறுத்திவிட்டு பியாஸ் ஆற்றுக்குள் இறங்கினார்கள். தூண்டில் போட இல்லை, போட்டோ எடுக்கத்தான். ஆற்றில் பெரிதாகத் தண்ணீர் இல்லை. பாறைகள் வெளியே தெரிந்தன. மேலே லார்ஜி அணையில் தண்ணீரைத் திறந்தார்கள். மின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்ததால், டர்பைனுக்குப் போக வேண்டிய தண்ணீர் ஆற்றில் விடப்பட்டது. மாணவர்கள் 24 பேரும், உடன் வந்த சுற்றுலா அமைப்பாளர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அந்த வீடியோவை அப்போது எல்லா சேனலும் காட்டின. பாறை மேல் கும்பலாக நிற்கிற பிள்ளைகளைச் சுற்றித் தண்ணீர் ஏறுகிறது, கரைக்கு வரச் சில அடி தூரம்தான், வர முடியவில்லை. பிறகு வழக்கு நடந்தது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எச்சரிக்கைப் பலகைகளும் சைரன்களும் வந்தன.

அன்றைக்கு அங்கே வெள்ளம் வர மழை தேவைப்படவில்லை. மலையாற்றுக்குப் போகிற நம் ஆட்கள் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான். நமக்கு வெள்ளம் என்றால் மழை. வானம் நீலமாக இருந்தால் ஆறு சாது என்று நம் மனசு முடிவு கட்டிவிடுகிறது. இமயமலையில் இந்தக் கணக்கு செல்லாது.

அங்கே பல நீர்மின் திட்டங்கள் நம் மேட்டூர் மாதிரிப் பெரிய தேக்கத்தை நம்பி இருப்பவை அல்ல. ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை. அதிலிருந்து மலையைக் குடைந்து ஒரு சுரங்கம். சுரங்கம் போய் முடிகிற இடத்தில், சில கிலோமீட்டர் தள்ளிக் கீழே, பவர் ஹவுஸ். ஆற்றுத் தண்ணீரில் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் போய்விடும். அணைக்கும் பவர் ஹவுஸுக்கும் நடுவே கிடக்கிற ஆற்றுப் படுகையில் கொஞ்சம் நஞ்சம்தான் ஓடும். குறைந்தது 15 சதவீதமாவது விட வேண்டும் என்று அந்த மாநிலத்தில் விதி இருக்கிறது. அந்தக் கொஞ்சத் தண்ணீர் தெளிந்து, அங்கங்கே குட்டையாகத் தேங்கி, அடியில் கிடக்கிற கூழாங்கல்லைக்கூட எண்ணலாம் என்கிற மாதிரி இருக்கும். தூண்டில்காரர் கண்ணுக்கு அது சொர்க்கம். நடக்கச் சுலபம், மீன் கண்ணுக்குத் தெரிகிறது, புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்று தோன்றும். பேக்கேஜ் கைடுக்கும் இதுதான் வசதி.

ஆனால் மேலே இருக்கிற தேக்கம் சின்னது. மின் பாதையில் ஏதோ கோளாறு, டர்பைன் நின்றுவிட்டது என்று வையுங்கள். சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்த தண்ணீர் எங்கே போகும்? தேக்கம் சீக்கிரம் நிரம்பும். ஷட்டரைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அத்தனையும் அந்த ‘வற்றிய’ படுகையில்தான் வரும். அதாவது இந்த ஆறுகளில் தண்ணீர் நிறைந்து ஓடுகிற இடத்தைவிட, தண்ணீர் இல்லாத இடத்தில்தான் இரண்டு மடங்கு பயப்பட வேண்டும்.

சைஞ்ச் பள்ளத்தாக்கில் ஒரு முறை பார்த்தது. அங்கே 520 மெகாவாட் பார்வதி மூன்றாம் நிலைத் திட்டத்தின் அணை இருக்கிறது. அதற்குக் கீழே சாலையிலிருந்து எட்டிப் பார்த்தால், ஆற்று நடுவில் பாறை மேல் மூன்று பேர். கொங்குத் தமிழ் மேலே வரை கேட்கிறது. கைடு கரையில் குத்தவைத்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். இறங்கிப் போய், “தம்பி, மேல அணை இருக்கு, கரைக்கு வந்துடுங்கப்பா” என்றேன்.

“அண்ணா, மொழங்காலுக்குக்கூடத் தண்ணி இல்லைங்ணா. இதுல என்னங்ணா பயம்?”

அவர்கள் நின்ற பாறையைக் காட்டினேன். ஆள் உயரத்துக்கு மேலே, பாறையைச் சுற்றி ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சாம்பல் நிற வண்டல் பூசினது போல் வெளுப்பு. கோட்டுக்கு மேலே பாசியும் கறுப்பும். கரையில் இருந்த புதர்க் கிளையில் ஒரு சிப்ஸ் பாக்கெட், கிழிந்த காலுறை ஒன்று, வைக்கோல், சாக்குத் துணி எல்லாம் சுருண்டு தொங்கின. கை நீட்டினாலும் எட்டாத உயரம். காற்றில் பறந்து வந்து ஒட்டிய குப்பை இல்லை அது. ஒரு தம்பி அண்ணாந்து பார்த்தவர், பேசாமல் தூண்டிலைச் சுருட்ட ஆரம்பித்தார். கைடுக்கு என் மேல் கோபம். அன்றைய கூலி போய்விடுமோ என்று அவனுக்குக் கவலை. அதுவும் நியாயம்தான். ஆனால் அதற்காகப் பிள்ளைகளைப் படுகையில் நிறுத்த முடியாது.

ஆகவே, எந்த ஆற்றிலும் இறங்குமுன் பாறையில் அந்தக் கோட்டைத் தேடுங்கள். கிளையில் குப்பை எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பலகை பொய் சொன்னாலும், கைடு பொய் சொன்னாலும் அது சொல்லாது.

டிரவுட் பிடிக்கிற ஃப்ளை ஃபிஷிங் முறையிலேயே ஒரு வம்பு இருக்கிறது. நம் தூண்டில் மாதிரிக் கரையில் உட்கார்ந்து ஈயக்குண்டு கட்டி எறிகிற வேலை இல்லை. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரிச் செய்த ஃப்ளைக்குக் கனம் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. நூலின் கனத்தில்தான் அது பறந்து போக வேண்டும். அதற்கு நூலை முதுகுக்குப் பின்னால் நீளமாக வீசி, பிறகு முன்னால் வீச வேண்டும். பின்னால் மரமோ புதரோ இருந்தால் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆள் ஆற்றுக்குள் இறங்குகிறார், திறந்த கூழாங்கல் திட்டில் போய் நிற்கிறார். அங்கே நின்று, தண்ணீர் மேல் மிதக்கிற அந்தத் துணுக்கையே வைத்த கண் வாங்காமல் பார்க்க வேண்டும். காதில் ஆற்றின் இரைச்சல். மேலே சைரன் ஊதினால் கேட்குமா? மலை வளைவு இரண்டைத் தாண்டி வரும் சத்தம், இரைச்சலில் கரைந்துபோகும். ஆற்றைப் பார்க்க வேண்டிய கண் பூச்சியைப் பார்க்கிறது. அதனால்தான் ஆற்றைப் பார்க்க ஒரு கைடு வேண்டும். மீன் எங்கே இருக்கிறது என்று காட்டுவது அவருடைய இரண்டாவது வேலை.

நல்ல கைடுகள் இல்லாமல் இல்லை. தீர்த்தன் ஆற்றில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஆற்றில் இறங்குமுன், தண்ணீர் தொடுகிற விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து வைத்தார். பேசிக்கொண்டிருந்தாலும், முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாலும், கண் அடிக்கடி அந்தக் கல்லுக்குப் போய் வந்தது. கல் நனைந்தால் பேச்சு கிடையாது, எல்லாரும் மேலே ஏறிவிட வேண்டும். தண்ணீர் நிறம் மாறினாலும், சருகும் சுள்ளியும் திடீரென மிதந்து வந்தாலும், இரைச்சல் கனத்தாலும், மண்வாசனை அடித்தாலும் அதே சட்டம்தான். இன்னொன்றையும் அவர் சொன்னார்: ஆறு காரணமில்லாமல் சட்டென்று வற்றினால் ஓடிவிட வேண்டும். மேலே எங்கோ மண்சரிந்து ஆற்றை அடைத்திருக்கும். அடைப்பு உடைந்தால் மொத்தமும் ஒரே வீச்சில் வரும். ‘தண்ணி குறைஞ்சிடுச்சு, நல்லதாப் போச்சு’ என்று உள்ளே போகிறவர்கள் திரும்பி வருவதில்லை.

தீர்த்தன் ஆற்றில் அணை கிடையாது. உள்ளூர் மக்கள் போராடி மின் திட்டங்களை விரட்டிய ஆறு அது. மேல்பகுதி கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவில் இருக்கிறது. அதனால் விவரம் தெரிந்த தூண்டில்காரர்கள் அதைத்தான் தேடிப் போகிறார்கள். ஆனால் பேக்கேஜில் தீர்த்தன் என்று பெயர் போட்டுவிட்டு, இரண்டாம் நாள் “இங்கே கூட்டம் சார், பக்கத்து ஆத்துல பெரிய மீன் இருக்கு” என்று வண்டியைத் திருப்புகிற பழக்கமும் இருக்கிறது. தீர்த்தனும் சைஞ்சும் லார்ஜி பக்கத்தில்தான் பியாஸில் கலக்கின்றன. மலை முகட்டைத் தாண்டினால் அடுத்த பள்ளத்தாக்கு. ஆறு மாறுகிறது என்றால் கேள்வியை முதலிலிருந்து கேளுங்கள். இன்னொன்று, தேசியப் பூங்கா எல்லைக்குள் மீன் பிடிக்க முடியாது. ‘உள்ளே யாரும் வரமாட்டாங்க, நிறைய மீன்’ என்று ஒருவர் கூப்பிட்டால், வழக்கு அவர் மேல் மட்டும் வராது.

அணை இல்லாத ஆறு என்றால் நிம்மதி என்றும் நினைக்க வேண்டாம். உத்தரகாசிக்கு மேலே டோடிதால் ஏரி, அதிலிருந்து வருகிற அஸி கங்கா, இரண்டும் டிரவுட்டுக்குப் பெயர் போனவை. 2012 ஆகஸ்ட் 3 இரவு அங்கே மேக வெடிப்பு. ஆற்றோரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பலர் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2023 ஜூலையில் பியாஸ் குலு, மணாலி சாலைகளையும் கட்டடங்களையும் வாரிக்கொண்டு போனதை நீங்களே டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். குலுவில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை ராஃப்டிங் தடை. லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுப் படகில் போகிறவனையே அரசாங்கம் ஆற்றில் விடாத மாதங்களில், துணித் தொப்பி போட்டுக்கொண்டு கால்நடையாக ஆற்றுக்குள் போய் நிற்கப் பணம் கட்டுவது என்ன கணக்கு?

மே, ஜூனில் வேறு தொந்தரவு. பகல் வெயிலில் மேலே பனி உருகும். அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர மதியம், சாயங்காலம் ஆகும். காலையில் கணுக்கால் நனைய அக்கரைக்குப் போனவர், நாலு மணிக்குத் திரும்பினால் தொடை அளவு ஓடும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் காலில் விழுகிற விசை நான்கு மடங்காகும். எனவே ‘கொஞ்சம்தானே ஏறியிருக்கு’ என்பது பொய்க் கணக்கு. அக்கரையில் மாட்டினால் அங்கேயே இருங்கள். பசிக்கும், குளிரும், கைடு அவசரப்படுத்துவார். விடிகாலையில் ஆறு தானே இறங்கும்.

விழுந்துவிட்டால்? டிரவுட் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த, வேகமான தண்ணீரில்தான் வாழும். டிரவுட் ஆறு என்று சொன்னாலே அதில் விழுந்தவர் உடம்பு விறைக்கும் என்றுதான் அர்த்தம். முதல் ஒரு நிமிடம் மூச்சு வாங்கும், அடக்க முடியாது; அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தால் பிழைத்தோம். அடுத்த பத்து நிமிடம்தான் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்குள் கரையேற வேண்டும். கடல், கிணறு, வாய்க்கால் எல்லாம் நீந்தி வளர்ந்தவர்களுக்கு இது புரியாது; அங்கே கற்ற நீச்சல் இங்கே கைகொடுக்காது.

இதைவிட முக்கியம்: ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். தரை தட்டுப்பட்டதும் காலை ஊன்றத்தான் எவருக்கும் தோன்றும். ஊன்றிய கால் இரண்டு பாறைக்கு நடுவே சிக்கும். பின்னாலிருந்து வருகிற தண்ணீர் உடம்பை முன்னால் மடக்கி அமுக்கும். இடுப்பளவு தண்ணீரில் மூழ்கிச் சாவது இப்படித்தான். மல்லாந்து, பாதத்தை மேலே தூக்கி, கால் முதலில் போகிற மாதிரி மிதந்துகொண்டே ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும். முதுகுப் பையின் மார்பு வாரை இறங்குமுன்னே கழற்றி வையுங்கள். தூண்டிலை விட்டுவிடுங்கள். வாடகைத் தூண்டில், டெபாசிட் போய்விடுமே என்று கையில் பிடித்துக்கொண்டே போகிற புத்திசாலிகள் உண்டு.

மார்பு வரை வருகிற ரப்பர் கால்சட்டை கொடுப்பார்கள், வேடர்ஸ் என்று. அதற்குள் தண்ணீர் புகுந்தால் கல்லைக் கட்டியது போல் இழுத்துவிடும் என்பது கட்டுக்கதை; தண்ணீருக்குள் தண்ணீருக்கு ஏது கனம்? ஆனால் கரையேறும்போது காலைத் தூக்க முடியாது. அதனால் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டாமல் அதை மாட்டாதீர்கள். கைடு கொடுக்கிற வேடர்ஸில் பெல்ட் இல்லை, ஊன்றுகோல் இல்லை, காலணியின் அடி வழவழ என்று தேய்ந்திருக்கிறது என்றால், மற்ற விஷயங்களிலும் அவர் லட்சணம் அவ்வளவுதான். கண்ணாடி கட்டாயம்; பின்னால் வீசுகிற கொக்கி உங்கள் கண்ணிலோ பக்கத்து ஆள் கண்ணிலோ மாட்டும். இடி கேட்டால் தூண்டிலைக் கீழே போடுங்கள். ஒன்பதடி கார்பன் கம்பு, மின்சாரம் பாயும்.

‘இமாச்சல் வரை எதற்கு, நம்ம ஊட்டியிலேயே டிரவுட் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. அவலாஞ்சியில் 1907இல் வெள்ளைக்காரர்கள் மீன் பண்ணை வைத்தார்கள். குலுவுக்கு டிரவுட் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான். ஆனால் அந்த அவலாஞ்சியில்தான் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி எல்லாம் குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள். அதாவது அங்கேயும் மேலே ஷட்டர்தான். காப்புக்காட்டுக்குள் தூண்டிலோடு கூட்டிப் போகிறேன் என்று ஹோட்டல் வாசலில் நிற்கிற ‘கைடு’ கையில் வனத்துறை அனுமதி இருக்காது. குழந்தைகளுக்கு டிரவுட்டைக் காட்டினால் போதும் என்றால், குலுவில் பட்லிகுஹல் அரசு மீன் பண்ணையில் தொட்டி தொட்டியாக ரெயின்போ டிரவுட் நீந்துகிறது. சாப்பிடுவதற்கும் பண்ணை மீனே போதும்.

இத்தனைக்கும் பிறகு போகத்தான் போகிறீர்கள் என்றால், அட்வான்ஸ் அனுப்புமுன் போனில் நான்கு விஷயம் கேளுங்கள். எந்த ஆறு, எந்த ஊருக்குப் பக்கம். அதற்கு மேலே அணை இருக்கிறதா. இருந்தால் தண்ணீர் திறக்கும் தகவலை யாரிடம் கேட்டுக்கொள்கிறீர்கள். மீன்வளத்துறை பெர்மிட் என் பெயரில், அந்தத் தேதிக்கு, அந்த ஆற்றுக்கு எடுப்பீர்களா. ஆற்றின் பெயரையும் ஊரின் பெயரையும் கூகுள் மேப்பில் போட்டு, சாட்டிலைட் படத்தில் ஆற்றோடு மேல்நோக்கி நகர்த்திப் பாருங்கள். குறுக்கே சுவர் தெரிந்தால் தெரிந்துவிடும். ஆழமான பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. 112 என்ற அவசர எண்ணை நம்பி இறங்க முடியாது. அதனால் கரையில் நிற்க ஒருவர், கையில் கயிறு, இரண்டும் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். ஒழுங்கான ஆள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். நீங்கள் கேட்டதில் அவருக்கே ஒரு நிம்மதி வரும். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நாங்க பாத்துக்கறோம்” என்று பதில் வந்தால், போனை வைத்துவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.